அந்தக் காலுக்கு வெள்ளிச் சீட்டு

ஆவணி 12, திங்கள்

மதியம் வரை மூடுபனி. சாமைக் காட்டில் களை அப்படியே கிடக்கிறது. போக முடியவில்லை. கிழவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியதாகிவிட்டது.

கிழவர் என்று ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுதக் கை வலிக்கிறது. இனி கி. என்று போடுகிறேன். புருஷன் என்று எழுதி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

புது நோட்டு எடுத்தால் முதல் பக்கத்தில் இதை எழுதிவிடுவது என் வழக்கம். எனக்கு மறக்கும் என்பதற்காக இல்லை. நோட்டுக்குத் தெரியட்டும். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தைக்கு ரெண்டு மூட்டை மிளகு கொண்டுபோன ஆள் திரும்பி வரவில்லை. கூடவே என் வெள்ளித் தண்டை ரெண்டும் போயிற்று. என் அம்மா போட்டது. சந்தையில் டீக்கடை வைத்திருந்த ஒருத்தியின் காலில் அதைப் பார்த்ததாக எங்கள் மலையிலேயே வாழவந்தி நாட்டு ஆள் ஒருத்தர் வந்து சொன்னார். நான் கேழ்வரகு திரித்துக்கொண்டிருந்தேன். திரிகையை நிறுத்தவில்லை. பதினெட்டு வருஷம் அவளோடு. சர்க்கரை வியாதி வந்து உடம்பு வற்றியதும் அவள் துரத்திவிட்டாள். இங்கே வந்து நின்றார். ஊர்க்கூட்டத்தில் பெரியவர்கள் சொன்னது: "ஊட்டுல ஒரு மூலை குடு, ரெண்டு வேளை களி போடு. பேசறதும் பேசாததும் உன் இஷ்டம்." என் இஷ்டப்படி நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதை நான் வெள்ளாட்டிடம் சொல்வேன். அவரும் அதனிடம்தான் சொல்வார். ஆட்டின் பேர் கருப்பி.

சரி, இன்றைக்கு நடந்தது. கி.யின் வலது உள்ளங்காலில் புண். குச்சிக்கிழங்குக் காட்டில் வெட்டிவிட்ட கட்டை ஏறியிருக்கிறது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி இல்லை, ரெண்டு நாள் அப்படியே நடந்திருக்கிறார். வாசலில் ரத்தத்தைப் பார்த்தது நான்தான். "ஏ கருப்பி, யாரோ கால்ல ஓட்டையோட நடக்கறாங்க, பாரு" என்றேன். அப்புறம்தான் அவர் காலைத் திருப்பிப் பார்த்தார்.

நர்ஸ் பேர் ரோஸ்லின். கீழ்நாட்டுப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. நல்ல மாதிரி, ஆனால் பேச்சு அதிகம். புண்ணைக் கழுவி, கத்தரித்து, மேலே வைக்கிற துணிச் சீட்டு ஒன்றை எடுத்தாள். நனைந்த கல் பலகை நிறம்.

"பாட்டிம்மா, இது சாதாரணத் துணி இல்ல. இதுல வெள்ளி இருக்கு. நானோ வெள்ளி."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மினுக்கும் இல்லை. "எங்கம்மா வெள்ளி? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"கண்ணுக்குத் தெரியாது. உங்க தலைமுடி ஒண்ணை நீளவாக்குல ஆயிரமாக் கிழிச்சா ஒரு துணுக்கு இருக்கும்ல, அவ்வளவு பொடி. ஈரம் பட்டா அந்த வெள்ளி கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து புண்ணுல இருக்கிற கிருமியைக் கொல்லும்."

"அவ்வளவு பொடியா அடிக்க எந்தத் தட்டான் இருக்கான்?"

சிரித்தாள். "மெஷின்தான் பாட்டி. மாசமா இருக்காங்களான்னு பாக்குற கார்டு இருக்குல்ல, அதுல வர்ற கோடுகூட தங்கப் பொடிதான், தெரியுமா?"

"அது தெரிஞ்சிருந்தா எம் மருமக பத்து கார்டு வாங்கி உருக்கியிருப்பா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தண்டையை எடுத்துக்கொண்டு மலையிறங்கின கால் அது. சர்க்கார் அதற்கு வெள்ளி போடுகிறது. என் காலில் இருபத்திரண்டு வருஷமாக ஒன்றும் இல்லை.

கடைசியில் ரோஸ்லின் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை நான்தான் பிரிப்பேன். யாரும் தொடக் கூடாது. இது கேக்கலேன்னா விரல் போகும். அதுக்கும் அடங்கலேன்னா பாதமே போகும். வெளையாட்டு இல்ல." நான் சர்க்கரை மாத்திரை வாங்க வரிசைக்குப் போனேன். திரும்பி வரும்போது கி.யிடம் ஏதோ சொல்லி முடித்திருந்தாள். அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

சாயங்காலம் கி. ஆட்டுக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து: "கருப்பி, துணி காஞ்சா இந்தப் பாட்டில் தண்ணிய மட்டும் மேலால ஊத்தணுமாம். உப்புத் தண்ணி ஆகவே ஆகாதாம். உப்புப் பட்டா வெள்ளி வேலை செய்யாதாம்."

கருப்பி பலா இலை மென்றது. நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் விடாமல் என் காதில் விழுந்தது.


ஆவணி 13, செவ்வாய்

மழை. தூறல் இல்லை, மழை. கொட்டகை ஓரம் ஒழுகுகிறது.

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, டார்ச் பேட்டரி, கல்லுப்பு, சோப்பு, கி.க்குச் சர்க்கரை போடாத பிஸ்கட் (மகன் போனில் சொன்னான். அவன் லாரியோடு வடக்கே எங்கேயோ. அவன் அப்பா மேல் அவனுக்குத்தான் இரக்கம். அவன் கல்யாணத்தில் அப்பா இடத்தில் என் தம்பி உட்கார்ந்தான், அதை அவன் மறந்துவிட்டான்.)

உப்புத் தண்ணி ஆகாதாம்! நேற்றிலிருந்து அதுவே காதில்.

கல்யாணமான ரெண்டாம் வருஷம். மிளகுக் கொடிக்கு மரம் கழிக்கும்போது கொடுவாள் சறுக்கி இதே காலில், கணுக்காலுக்கு மேலே வெட்டு. அன்றைக்கு மலைக்கு ரோடு சரியில்லை, பஸ்ஸும் இல்லை. ஒன்பது நாள் உப்புத் தண்ணீர் காய்ச்சி நான் கழுவினேன். எரிகிறது என்று கத்தினார், தலையில் ஒரு கையை வைத்து அமுக்கிக்கொண்டு கழுவினேன். ஆறியது. தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தக் காலால்தான் நடந்து போனார். நாலு வருஷமாக என் உப்பைத் தின்றுகொண்டு என் உப்பு ஆகாது என்று என் ஆட்டிடமே சொல்கிறார்.

மருமகள் சாந்தி சொன்னாள்: "அத்தே, நர்ஸம்மா சொன்னதைத்தானே அவரு சொன்னாரு. உங்களையா சொன்னாரு?"

"ஆட்டைச் சொன்னாரா?" என்றேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த ஆடு பாவம் அத்தே. ஒரு நாளைக்கு அதுவே பேசப்போவுது."


ஆவணி 14, புதன்

மழை விட்டது. களை எடுத்தேன், மூணு சால்.

பாட்டில் காலி. கி. நேற்றே பாதியை ஊற்றித் தீர்த்துவிட்டார், எதிலும் அளவு தெரியாத ஆள். காலியான பாட்டிலை வாசலில் நான் பார்க்கிற இடமாகப் பார்த்து வைத்திருந்தார். கருப்பியிடம்கூடச் சொல்லவில்லை.

நான் பஸ் ஏறிப் போய் வேறு வாங்கி வந்திருக்கலாம். போகவில்லை. களை இருந்தது. களை நாளைக்கும் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.


ஆவணி 15, வியாழன்

இதைச் சரியாக எழுத வேண்டும்.

காலையில் நாற்றம். சாந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "அத்தே, கால்தான்" என்றாள். பத்து மணி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ரோஸ்லினிடம் போயிருக்கலாம். இல்லாவிட்டால் வெறும் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து மேலே ஊற்றியிருக்கலாம். ரெண்டும் தெரிந்தேதான் இருந்தது.

தண்ணீர் காய்ச்சினேன். உப்புச் சாடியில் கை விட்டேன். கை தானாகப் போனது என்று எழுதலாம். எழுதமாட்டேன். ஒரு பிடி போட்டேன். கி. பார்த்தார். சாடியையும் பார்த்தார், என் கையையும் பார்த்தார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று கருப்பியிடம்கூடச் சொல்லவில்லை.

கட்டுத் துணியைப் பிரித்தேன். வெள்ளிச் சீட்டு ஒட்டியிருந்தது, மெதுவாக எடுத்தேன். தோலில் பென்சில் தேய்த்த மாதிரிக் கறை. கழுவினேன், நன்றாகத்தான் கழுவினேன், அந்த ஒன்பது நாள் கழுவின மாதிரியே. அன்றைக்குக் கத்தினவர் இன்றைக்கு அசையவில்லை. எரிவதே தெரியாத கால். அது எனக்கு என்னவோ போல் இருந்தது. சீட்டைத் திரும்ப வைத்து, மீதி உப்புத் தண்ணீரை அதன் மேலேயே ஊற்றிக் கட்டினேன்.

அப்புறம் களைக்குப் போனேன். ரெண்டு சால்.


ஆவணி 16, வெள்ளி

காய்ச்சல். கம்பளி ரெண்டு போட்டும் கி.க்கு நடுக்கம். பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை, பால் வண்டியில் ஏற்றிப் போனோம்.

ரோஸ்லின் பிரித்தாள். செவப்பு கணுக்கால் வரை ஏறியிருக்கிறது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கருப்பு.

"யாரு பிரிச்சா?"

நான் சுவரைப் பார்த்தேன். கி. காற்றாடியைப் பார்த்தார்.

"நான் கேக்குறேன்ல? எதை ஊத்துனீங்க?" அவளுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "இந்தச் சீட்டு நாலே நாலு வாங்க ரெண்டு மாசம் எழுதி எழுதிக் கேட்டேன் பாட்டி. மலையில இருக்கிறவங்களுக்கு எதுக்கு அதெல்லாம், ஒழுங்கா வெச்சுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க. வெச்சுப்பாங்கன்னு சண்டை போட்டேன்."

எனக்கு யார் மேலும் வருத்தம் வருவது குறைவு. அந்தப் பெண்ணைப் பார்த்து வந்தது.

ஆம்புலன்ஸில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு. அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் கி. வாந்தி. வேறு ஒன்றும் கிடைக்காமல் என் முந்தானையில். பச்சைச் சேலை, போன பொங்கலுக்கு மகன் எடுத்தது.


ஆவணி 17, சனி

வார்டு. பதினாறு கட்டில், இருபது நோயாளி. வெக்கை. மலையில் இருக்கிறவளுக்கு இந்த ஊர்க் காற்று மூக்கில் ஏறவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் பெண்டாட்டி யாரிடமோ: "அந்தம்மா எதையோ எழுதிக்கிட்டே இருக்கு பாரு, போலீசுல சொல்லப் போவுதோ என்னவோ."

டாக்டர் சின்னப் பையன். மீசை இப்போதுதான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரோஸ்லின் காகிதத்தில் எழுதி அனுப்பியிருந்ததைப் படித்தார்.

"வெள்ளி டிரெஸ்ஸிங்கைப் பிரிச்சு உப்புத் தண்ணி மாதிரி ஏதோ ஊத்தியிருக்கீங்கன்னு எழுதியிருக்காங்க. யாருங்க செஞ்சது?"

நான் முந்தானையை மடித்துக்கொண்டிருந்தேன்.

கி. சொன்னார்: "நான்தானுங்க. புத்தி இல்லாம ஊத்திட்டேன். இவளுக்குத் தெரியாதுங்க."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எழுதிக்கொண்டு போய்விட்டார். விரல் ரெண்டும் எடுக்க வேண்டும். பாதம் தங்குமா என்பது திறந்து பார்த்த பிறகுதான்.


ஆவணி 18, ஞாயிறு

ஞாயிறு ஆபரேஷன் இல்லை.

சோறு இறங்கவில்லை. கேன்டீன் இட்லி ஒன்றைப் பிய்த்து நாய்க்குப் போட்டேன்.

எதற்குச் சொன்னார்? இத்தனை வருஷமாக ஒவ்வொன்றையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மிளகு மூட்டை, தண்டை, பதினெட்டு வருஷம். மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தூக்கிக்கொண்டு மலையிறங்கினது நான், தனியாக. என் அம்மா செத்த அன்று சந்தையில் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவர், கேள்விப்பட்டும் வரவில்லை. ஒரு குறையும் என் பக்கம் கிடையாது, எல்லாம் அவர் பக்கம். அப்படித்தான் இத்தனை நாள் நிமிர்ந்து நடந்தேன். இப்போது என் குற்றத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு நல்லவர் மாதிரிக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். அதையும் திருடிக்கொண்டார்.

கிழவன்.

இந்த நோட்டில் என்னைவிட மூத்தவர் ஒருத்தரையும் ன் போட்டு எழுதினதில்லை. இன்றைக்கு எழுதினேன்.


ஆவணி 19, திங்கள்

காலை ரவுண்டு. டாக்டர், கூட மூணு பேர். கி. கட்டிலுக்கு வந்ததும் எழுந்து நின்றேன்.

"டாக்டருங்க, உப்புத் தண்ணி ஊத்தினது நானுங்க. இவரு இல்லீங்க. ஆகாதுன்னு என் காதுல விழுந்த பொறகுதான் ஊத்தினேன்."

திட்டுவார், போலீஸைக் கூப்பிடுவார், என்னை வெளியே அனுப்புவார் என்று நினைத்தேன். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"யார் ஊத்துனா என்னங்கம்மா. ஊத்தியிருக்கக் கூடாது, உண்மைதான். அந்த வெள்ளிக்கு உப்பு ஆகாது. ஆனா எலும்பு முன்னாடியே அழுக ஆரம்பிச்சிருக்கு. அந்தக் கட்டையோட நடந்தாரே, அப்பவே. உப்பு ஊத்தலேன்னாலும் விரல் தங்கியிருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. நீங்க சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

போய்விட்டார். அவ்வளவுதானா? நாலு நாளாக நெஞ்சில் சுமந்ததை ஒரு நிமிஷத்தில் இது ஒன்றுமில்லை என்று தட்டிவிட்டுப் போகிறார்.

அப்போது கி. தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து: "உன்னை இப்ப யாரு கேட்டா?"

நாலு வருஷத்தில் முதல் பேச்சு. முதலில் பேசினது அவர். இங்கே எழுதி வைக்கிறேன், மணி ஒன்பதே கால்.

எனக்கும் வாய் திறந்துவிட்டது. "எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு உங்களை யாரு கேட்டா?"

"உனக்காகவா? ஆளப் பாரு! பொண்டாட்டி வேணும்னே காலைக் கெடுத்தான்னு இத்தனை பேரு முன்னால வெளிய வந்தா எவன் என்னை மதிப்பான்? எம் மானத்துக்குச் சொன்னேன்."

"மானமா! டீக்கடையில கிளாஸ் கழுவறப்ப எங்கே வெச்சிருந்தீங்க அதை?"

தரையில் படுத்திருந்த பக்கத்துக் கட்டில்காரர் பெண்டாட்டி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். "நல்லா கேளுங்கம்மா" என்றாள். நர்ஸ் தட்டோடு நின்றுவிட்டாள். நான் நிறுத்தவில்லை. மூட்டை, தண்டை, காமாலை, அம்மா செத்தது, எல்லாம், வரிசையாக, நாள் நட்சத்திரத்தோடு. கி. ஒன்றையும் மறுக்கவில்லை. தண்டை வந்தபோது மட்டும், "அதை அவளுக்குக் குடுத்தது தப்புத்தான்" என்றார். முடிந்ததும் நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். அவருக்கு இல்லை, எனக்கு.

நல்லவேளை, மானத்துக்குத்தான் சொல்லியிருக்கிறார். இரக்கத்துக்கு இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் மத்தியானம் சோறு இறங்கியது.


ஆவணி 20, செவ்வாய்

ஆபரேஷன் ஒரு மணி நேரம். விரல் ரெண்டு போயிற்று. பாதம் தங்கியது.

நன்றாகத் தூங்குகிறார், குறட்டையோடு. அந்தக் குறட்டையும் எனக்குப் பிடிக்காத ஒன்று.


ஆவணி 26, திங்கள்

வீடு. பனி. சாமைக் காட்டைப் பாதி களை தின்றுவிட்டது. சாந்தி காட்டுக்குப் போயிருக்கிறாள்.

ரோஸ்லின் மீதி மூணு சீட்டையும் கொடுத்துவிட்டாள். கொடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து நாலு தடவை செய்து காட்டினாள், வெட்டுவது, வைப்பது, பாட்டில் தண்ணீர் ஊற்றும் அளவு. தண்ணீர் தீர்ந்தால் போன் பண்ணச் சொல்லி நம்பரை நோட்டு அட்டையில் எழுதினாள். "உங்களை நம்பித்தான் பாட்டி" என்றாள். அப்படி ஒருத்தி சொன்னால் என்ன செய்வது.

இன்றைக்கு முதல் மாற்று. வாசலில் பலகை போட்டு உட்காரவைத்தேன். சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவினேன். பழைய சீட்டை எடுத்ததும் தையல் தெரிந்தது, விரல் இருந்த இடம் மொட்டையாக. நாற்றம் இல்லை.

கி. கேட்டார்: "அன்னிக்கு வேணும்னேதான் ஊத்தினியா?"

டாக்டர் கேட்காததை இவர் கேட்டுவிட்டார்.

"பாதி" என்றேன்.

"பாதின்னா?"

"பாதி, ஆறணும்னு."

குனிந்து காலைப் பார்த்தார். "அப்ப மீதிப் பாதி?"

புதுச் சீட்டைப் பிரித்தேன். பாட்டில் மூடியைத் திருகினேன்.

"காலைத் தூக்குங்க" என்றேன்.

தூக்கினார்.